சரணத்துக்கு முன்னால் ஒரு சிரிப்பு

எனக்குச் சந்தேகப் புத்தி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பதினெட்டு வருடமாக ஆயம்மா வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் என்னிடம் விட்டுப்போகும் பிள்ளைகளில் எது பிஸ்கட்டை ஒளித்து வைத்திருக்கிறது என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஓர் ஆளைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். மடுல்சீமைப் பக்கத்து இசைக்குழு ஒன்றின் பாடகர் அவர். மற்ற நாளெல்லாம் தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் வேலை, சனி ஞாயிறில் மேடை.

அந்தக் குழு எங்கே வாசித்தாலும் போய்விடுவேன். பதுளை, பசறை, லுணுகலை. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, அழைப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு தடவை வெலிமடைக்கு மூன்று பஸ் மாறிப் போய், திரும்பப் பஸ் இல்லாமல் காய்கறி லொறியில் லீக்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தேன். "அவங்க என்ன ஒன் சொந்தக்காரங்களா?" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். பண்ணட்டுமே.

சந்தேகம் பசறையில்தான் ஆரம்பித்தது. அந்தப் பாடகர் தானே கட்டிய மாதா பாட்டு ஒன்று உண்டு. பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்தார். அழகாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் பதுளையில் அதே பாட்டு, அதே இடத்தில் அதே சிரிப்பு. அதற்கடுத்த கல்யாணத்திலும் அதுவே, ஒரு இழை கூடவில்லை, குறையவில்லை. மனுஷன் ஒரே மாதிரி இரண்டு தடவை தும்மக்கூட மாட்டானே!

அதற்கப்புறம் நான் பாட்டைக் கேட்கவில்லை, வாயைத்தான் பார்த்தேன். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். முன்பெல்லாம் பாட்டுக்கு நடுவில் ஓயாமல் பேசுகிறவர், இப்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை. கீபோர்ட் வாசிக்கிறவர்தான் எல்லாம் பேசினார். எனக்குப் புரிந்துபோனது. எங்கோ பதிந்து வைத்த பாட்டை ஓட விடுகிறார்கள், இவர் வாயை மட்டும் அசைக்கிறார். அடப்பாவி, இத்தனை வருடம் உன் பின்னால் அலைந்தேனே!

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தோட்டத்து மாதா கோயில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் சப்பரம் மேடைக்கு முன்னால் வந்து நிற்கும்போது ஜெனரேட்டரையும் ஒலிபெருக்கியையும் நிறுத்திவிடுவார்கள். உபதேசியார் வெறுங்குரலில் ஒரு பாட்டை எடுத்துக் கொடுப்பார், சனம் சேர்ந்துகொள்ளும். போன வருடம் அந்தக் குழுவைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். திருவிழா அன்று கமிட்டித் தலைவரிடம், "சப்பரம் நிக்கிறப்ப அவரே பாடட்டுங்க, அவரு கட்டுன பாட்டுதானே" என்றும் சொல்லி வைத்தேன். தலைவருக்கு வாயெல்லாம் பல்.

அவர் போய்ச் சொன்னதும் பாடகரின் முகம் செத்துப்போனது. "இந்தம்மா ரொம்ப ஆசப்பட்டுக் கேக்குறாங்க" என்று தலைவர் என்னைக் காட்டினார். பாடகர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாட்டினாயா என்று எனக்குள்ளே ஒரே கொண்டாட்டம்.

சப்பரம் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. அவர் வாயைத் திறந்தார். வந்தது குரலே இல்லை, வெறும் காற்று. நடுநடுவே ஒரு கீறல். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. பல்லவி முழுவதையும் அந்தக் காற்றிலேயே பாடினார். சரணத்தை உபதேசியார் எடுத்துக்கொண்டார், சனமும் சேர்ந்துகொண்டது.

பிறகு மேடைக்குப் பின்னால் போனேன். அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி எங்கள ஏமாத்துனீங்க?"

"தொண்டையில ஆபரேஷன் அக்கா. ஆறு மாசமாச்சு." காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது. "ஓடுறது என் கொரல்தான். நல்லா இருந்தப்ப கடசியா லுணுகலைக் கல்யாணத்துல பாடுனேன். அத மெஷின்ல புடிச்சு வச்சிருந்தோம். மேடைய விட மனசு வரலக்கா."

"அப்ப அந்தச் சிரிப்பு?" விடுவேனா நான்.

முதல் தடவையாக அவர் முகம் லேசாக மலர்ந்தது. "முன்வரிசையில ஒரு அக்கா கண்ண மூடிக்கிட்டு, எனக்கு முன்னாடியே சரணத்த எடுத்துத் தப்பாப் பாடுனாங்க. அடக்க முடியல. நீங்கதான் அக்கா அது."

கீழே கிடந்த இன்னொரு வயரை எடுத்து நானும் சுற்ற ஆரம்பித்தேன்.

அன்றோடு அவர் மேடை ஏறுவதை விட்டுவிட்டார். இந்த வருடமும் அதே குழுதான் வந்தது. புதிதாக ஒருவர் பாடினார். நிஜமாகவே பாடினார், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மாதா பாட்டில் சரணத்துக்கு முன்னால் அந்த இடம் வந்தது. முன்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.