இரண்டாகப் பிரிந்த வாசிப்புப் புத்தகம்

போட்டோக் கொப்பிக் கடைக்காரனுக்கு மெஷின் பாதி எதிரி, அவசரத்தில் வரும் மாணவர் மீதி எதிரி; பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருபது வருஷமாக இரண்டோடும் மல்லுக்கட்டுகிறேன். கடை வைத்து ஏச்சு வாங்கும் சகபாடிகளுக்கு இது விளங்கும்.

தராசு

ஹலிமே, சாட் நாட்டுக் கிராமத்துப் பெண். இங்கே ஆசிரியப் படிப்பு. எங்கள் பேச்சு பிரெஞ்சில்தான்; என்னை 'முசியே', அதாவது ஐயா, என்பாள். கடைக்கு வந்த முதல் நாளே, "நான் யாழ்ப்பாணத்தில யானையில ஏறித்தான் பள்ளிக்கூடம் போனனான்" என்று அளந்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு மணித்தியாலம் நடந்தனான், முசியே. அம்மான்ர வெங்காயத்தை யாவாரி தான் சொன்ன நிறைக்கு எடுப்பான். நான் தராசு வாசிக்கப் பழகின வருஷம்தான் எங்கட வீட்டில ரெண்டு நேரம் அடுப்பெரிஞ்சது."

பாதிப் புத்தகம்

அவளுடைய ஊரில் மாடு மேய்ப்பவர்களுக்கும் தோட்டக்காரருக்கும் கிணற்றுச் சண்டை; வெட்டுக்குத்து வரை போயிருக்கிறது. படிப்பு முடிந்து அங்கேதான் படிப்பிக்கப் போகிறாள். இரு பகுதிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்காவிட்டால் அரசாங்கம் பள்ளிக்கூடத்தை மூடிவிடும்.

அந்த வகுப்புக்கு நாற்பது வாசிப்புப் புத்தகம் அடிக்கத் தந்தாள். மெஷின் ஒற்றை இலக்கப் பக்கங்களை ஒரு கட்டாகவும் இரட்டை இலக்கப் பக்கங்களை இன்னொரு கட்டாகவும் துப்பியதை நான் பார்க்கவில்லை. மனைவி கமலாவும் பார்க்காமல் வேறு வேறாக அட்டை போட்டுவிட்டாள். ஹலிமே விரித்துப் பார்த்தாள். கதை பாதி இதில், பாதி அதில். பின்னேரம் அவளுக்குப் பிளேன். கண் கலங்கிவிட்டது.

"இது புது முறை, பிள்ளை. ஒண்டை அந்தப் பகுதிக்குக் குடு, மற்றதை இந்தப் பகுதிக்குக் குடு. சேர்ந்திருந்தால்தான் கதை விளங்கும்" என்றேன், வாய் கூசாமல். திருப்பி அடிக்க நேரமில்லை; அவள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். கமலா தலையில் அடித்துக்கொண்டாள்: "இஞ்சாருங்கோ, உங்கட புளுகை நம்பி ஒரு ஊரே படிக்கப் போகுது!"

தடியோடு வந்தவர்

நாலு மாதம் கழித்து ஹலிமே போன் எடுத்தாள். முதல் கிழமை இரு பகுதியும் ஆளுக்கொரு சுவரோடு ஒட்டியிருந்தார்களாம். பிறகு மேய்ப்பர் மகள் ஒருத்தி, தன் பாதியைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டாளாம். செய்தி கேட்டுத் தகப்பன் தடியோடு வந்தார். "கதையின்ர முடிவு தெரியாமல் வரமாட்டன்" என்றாளாம் மகள். அவரும் தடியைச் சாத்திவிட்டு இருந்து கேட்டாராம். இப்போது இரு பகுதித் தகப்பன்மாரும் பின்னேர வகுப்பில் எழுதப் பழகி, கிணற்றில் யாருக்கு எப்போது முறை என்று தாங்களே எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

"சரியான புத்தகம் அடிச்சு அனுப்பட்டோ?" என்றேன். ஹலிமே பதறிப்போனாள்: "ஐயோ வேண்டாம் முசியே, ரெண்டாம் வகுப்புக்கும் அப்பிடியே பிழையா அடிச்சு அனுப்புங்கோ!"

வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்ன கதை இது ஒன்றுதான். இதைத்தான் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.