கம்புக்காரி கேட்ட கேள்வி

எங்கள் மலைக்கு நடக்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் என் ஓரகத்தியின் வாயில் விழுந்துதான் எழ வேண்டும். அடிவாரத்தில், ஆடுகள் வெளியே ஓடிவிடாமல் இருக்கப் போட்ட மரக்கதவு ஒன்று உண்டு. அதை ஒட்டி அவளுடைய தேநீர்க்கடை. ஒரே அறை. முன்பக்கம் தகரத்தை இறக்கி இரண்டு பெஞ்சு போட்டிருப்பாள். கதவில் கை வைத்ததுமே உள்ளேயிருந்து குரல் வரும்.

"என்ன செருப்பு இது? மலைக்குப் போறீங்களா, மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களா?"

திட்டிவிட்டுத் தேநீர் கொடுப்பாள். தேநீர் கொடுத்துவிட்டு, ஊன்றி நடக்கக் கம்பு கொடுப்பாள். அதனால் அவளுக்குக் கம்புக்காரி என்று பெயர். நான் மூத்த மருமகள், அவள் இளையவள். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள், ஆனால் நான் சொன்ன ஒன்றையும் கேட்கமாட்டாள். என் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்ததால் அவள் வாழ்ந்ததெல்லாம் என் கண் முன்னால் வாழ்ந்ததுதான். போன வருடம் அவளும் போய்விட்டாள். அவளைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நடந்தது இதுதான்.

மலை அப்படியொன்றும் பெரியதில்லை. கீழே புல்வெளி. அதற்கு மேல் ஊசியிலைக் காடு. அதற்குள் நுழைந்துவிட்டால் உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கும், நம் காலடி நமக்கே கேட்காது. காடு முடிந்தால் மொட்டைப் பாறை, சரளைக்கல். உச்சியில், ஏறியவர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுச் சேர்த்த குவியல். அங்கே நின்றால் இந்தப் பக்கம் எங்கள் தகரக் கூரை மின்னும். அந்தப் பக்கம் ஏரியும், ஏரியைச் சுற்றிப் போகிற பஸ் சாலையும் தெரியும். வெயில் அடித்தால் குழந்தைகூட ஓடி ஏறிவிடும். மூடுபனி இறங்கிவிட்டால், நீட்டிய கை நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

அவள் புருஷனுக்கு, அதாவது என் கொழுந்தனுக்கு, அந்த மலையில்தான் வேலை. நடைபாதையைப் பார்த்துக்கொள்வது. சேறான இடத்தில் பலகைக்கல் பதிப்பான், ஓடைமேல் போட்ட மரப்பாலத்தில் இற்றுப்போன பலகையை மாற்றுவான், பாதையில் வந்து விழுகிற புதரை வெட்டுவான். நல்ல உயரம். பேச்சு மட்டும் கிடையாது. "உன் புருஷன் வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று கேட்டால், "ரெண்டு பேர் பேச்சையும் நானே பேசிடறேன் அக்கா, அவருக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்பாள்.

காட்டோரத்தில் நேராக வளர்ந்த கிளையாகப் பார்த்து அவன் வெட்டி வருவான். அவள் பட்டையை உரித்து, அடுப்புக்கு மேல் பரணில் காய வைத்து, நுனியை நெருப்பில் வாட்டி, ரப்பர் மூடி மாட்டுவாள். பிடிக்கிற இடத்தில் துணி சுற்றுவாள், கம்புக்கு ஒரு நிறம். வாசல் பக்கத்தில் பள்ளம் பள்ளமாக வெட்டின ஒரு கட்டையில் எல்லாக் கம்பும் வரிசையாக நிற்கும். வாடகை கிடையாது. வருகிறவர்களின் முழங்கை உயரத்தைக் கண்ணாலேயே அளந்து எடுத்துக் கொடுத்து, "திரும்பி வரும்போது இங்கேயே வச்சிட்டுப் போங்க" என்பாள், அவ்வளவுதான்.

கடை சாத்துமுன் கட்டையைப் பார்ப்பாள். எல்லாப் பள்ளத்திலும் கம்பு இருந்தால் மலையில் ஆள் இல்லை. ஒன்று காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் மேலே இருக்கிறார். எங்களுக்கு அதுதான் கணக்கு. கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரைக் கொழுந்தன் அப்படிப் போய்க் கூட்டி வந்திருக்கிறான். அது எப்போதும் சரியாகவே வந்ததால், கம்பு வேறு ஆள் வேறு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

இலை உதிர்கிற காலத்தில் ஒருநாள் நகரத்திலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். முட்டிவலி. மலையில் நடந்தால் சரியாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். "யார் சொன்னது? முட்டியா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்துவிட்டு, பச்சைத் துணி சுற்றின கம்பைக் கொடுத்தாள். கொழுந்தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், அதிசயமாக வாயைத் திறந்து, முட்டியில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்ளச் சொன்னான்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. ஏறினவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பச்சைக் கம்பு மட்டும் வரவில்லை.

"அந்த முட்டிவலிக்காரர் இன்னும் வரலைங்க," என்றாள்.

கொழுந்தன் வெளியே வந்து மலையைப் பார்த்தான். மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளைச் சுவர்தான் நின்றது.

"கொஞ்ச நேரம் பாப்போமே," என்றான்.

"முட்டியோட எங்கயாவது உக்காந்திருப்பாரு. பாவம், போயிட்டு வாங்க."

அவன் தகர விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினான். காட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது, அப்புறம் இன்னும் மேலேயிருந்து மெலிதாக வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. விடிந்ததும் ஆட்டுக்காரர்தான் பார்த்தார். உச்சியைத் தாண்டி, ஏரிப் பக்கச் சரிவில், ஈரப்பாறை வழுக்கி ஓடைப் பள்ளத்தில் கிடந்தான். விசில் வாயருகே இருந்தது என்று ஆட்டுக்காரர் சொன்னார்.

தையல்காரரை எல்லோரும் தேடினோம். அவரும் எங்கேயோ விழுந்திருப்பார் என்றுதான் நினைத்தோம். அந்தப் பக்கத்துப் பஸ் டிரைவர் துக்கம் கேட்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"பச்சைத் துணி சுத்தின கம்பா? அந்தாளு நேத்தே என் பஸ்ல ஏறிட்டாரே! கம்பு இடிக்குதுன்னு பின்னாடி சீட்ல உக்காரச் சொன்னேன்."

என் ஓரகத்தி அதைக் கேட்டு அழவில்லை. "எத்தனை மணிக்கு ஏறினாரு? எப்படி இருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். தன் பஸ்ஸில் தினமும் எத்தனையோ பேர் ஏறுவதால், நேரமெல்லாம் நினைவில்லை என்று சொல்லிவிட்டான் அவன்.

அவளைத் தின்றது அதுதான். போகச் சொன்னது அவள். வீணாகப் போகச் சொன்னாளா, காரியமாகப் போகச் சொன்னாளா என்று தெரியாமல் ராத்திரியெல்லாம் புரண்டாள். கொஞ்ச நாளில் அவளே ஒரு பதிலைத் தேடிக்கொண்டாள். தையல்காரர் மேலே திசை தெரியாமல் திண்டாடியிருக்கிறார், அப்போது விசில் கேட்டிருக்கிறது, சத்தத்தை வைத்துத் திசையைப் பிடித்து ஏரிப் பக்கம் இறங்கிவிட்டார், அவரைத் தேடி அந்தச் சரிவுக்குப் போன இவன்தான் விழுந்துவிட்டான். முதலில் "இருக்கும்" என்றாள். அப்புறம் "இருந்திருக்கும்" என்றாள். பனி உருகுகிற காலத்தில் "அப்படித்தான்" என்றே சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்கள், பெஞ்சில் உட்கார்ந்த நடைக்காரர்கள், எல்லோருக்கும் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும். அதனால், எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் தலையை ஆட்டி வைத்தேன். என் தலையை நான் ஆட்டியது அவளுக்காக மட்டும்தான்.

கம்பு கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. "அந்தப் பக்கம் இறங்கினா பஸ் டிரைவர்கிட்ட கம்பைக் குடுத்துடுங்க" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டாள். டிரைவரும் அதை ஒரு கடமையாக எடுத்துக்கொண்டு, சாயங்காலமே சுற்றி வந்து கொடுத்துவிட்டுப் போவான்.

கோடையில் ஒருநாள் காலை, நான் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தையல்காரர் வந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. கையில் அந்தக் கம்பு. எண்ணெய் போட்டுப் பளபளவென்று தேய்த்து, உள்ளே பஞ்சு வைத்து, புதுப் பச்சைத் துணியை அழகாகத் தைத்திருந்தார்.

"அம்மா, என்னை ஞாபகம் இருக்கா? முட்டிவலின்னு வந்தேனே. தப்பா நினைச்சுக்காதீங்க, கம்பு அப்படியே என்கூட வந்துடுச்சு."

"எடுத்தா எடுத்த இடத்துல வைக்கிற பழக்கமே கிடையாதுங்க இவருக்கு," என்றார் மனைவி. "கடையில போய்ப் பாருங்க, கத்தரிக்கோலைத் தேடுறதுலயே பாதி நாள் போயிடும்."

என் ஓரகத்தி சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு மேல உங்களுக்கு வழி தப்பிடுச்சா?"

"இல்லையேம்மா."

"மூடுபனி இறங்குச்சே."

"அப்படியா? நான் இறங்கின பிறகு வந்திருக்கும். ஏரிப் பக்கம் பளிச்சுன்னு வெயில். முட்டி கெஞ்சுச்சு, கீழ பஸ் நிக்கிறது தெரிஞ்சுது, சரின்னு அப்படியே இறங்கிட்டேன். பொழுது சாயறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்து, அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்!"

"விசில் சத்தம் எதுவும் கேக்கலையா?"

"விசிலா? இல்லையே. ஏம்மா?"

அவள் அந்தக் கம்பைப் பார்த்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்த உயரமான அண்ணன் எங்கம்மா? துணி சுத்திக்கச் சொன்னாரே, அதுல பாதி வலி போயிடுச்சு. அவருக்கு ஒரு சட்டை தைச்சுக் கொண்டுவந்திருக்கேன். அளவு கண்ணாலயே எடுத்ததுதான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "அவன்..." என்று ஆரம்பித்தேன். என் ஓரகத்தி காலால் என் காலை அழுத்தி மிதித்தாள்.

"அவரு தவறிட்டாருங்க," என்றாள்.

"ஐயோ! எப்போம்மா?"

"பனிக்காலத்துல. காய்ச்சல் வந்துச்சு."

தையல்காரர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தையல்காரர் சட்டைப் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவளே அதை வாங்கிக்கொண்டாள். கம்பை மட்டும் வாங்கவில்லை. "முட்டிக்காரர்தானே, நீங்களே வச்சுக்கோங்க," என்றாள். இருவரும் மெதுவாகப் புல்வெளியில் ஏறிப் போனார்கள்.

எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏண்டி, காய்ச்சலா அவனுக்கு? உனக்குக் காய்ச்சலா?"

"மெதுவா பேசுங்க அக்கா."

"அந்தாளுக்குத் தெரிய வேண்டாமா? அவர் வீட்டுல சாப்பிட்டுத் தூங்குறாரு, இங்க என் கொழுந்தன்..."

"உங்களுக்குக் கொழுந்தன். எனக்கு மட்டும் யாராம்?" என்றாள். "தெரிஞ்சா அவரு என்ன பண்ணுவாரு? முட்டிவலியோட இதையும் தூக்கிட்டு நடக்கணுமா? நான் தூக்குறது பத்தாதா?"

அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையை மடியில் விரித்து, அதன் கை நீளத்தைத் தன் கையால் அளந்தாள். "சரியா இருக்கு அக்கா," என்றாள். நான் அதற்கு மேல் சண்டை போடவில்லை. எப்படிப் போடுவது?

அன்றோடு விசில் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆனால் நாலு வாய் போன பேச்சு நின்றுவிடுமா? பஸ் டிரைவர் சொன்னான், நடைக்காரர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்த்தார்கள்.

சில வருடம் கழித்து இளம் ஜோடி ஒன்று பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தது. தேநீர் கொடுத்தவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அந்தப் பெண். "இந்த மலையில ஒருத்தர் மூடுபனியில விசில் ஊதி ஊதி, மாட்டிக்கிட்ட ஆளைக் காப்பாத்திட்டு அவர் செத்துப்போயிட்டாராம்."

"அப்படியா?" என்றாள் என் ஓரகத்தி.

"ரொம்பத் தைரியசாலியாம்மா. பயம்னா என்னன்னே தெரியாதாம்."

நான் அடுப்பருகே இருந்தேன். அவள் தேநீர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத ஒன்றை, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"மூடுபனின்னா அவருக்கு ரொம்பப் பயம்மா. நான் சொன்னேன்னுதான் போனாரு."