எறும்பாய்ப் போன எழுத்து

என் அக்கா சிறப்பு ஆசிரியை. பதினோரு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரே ஆள். பார்வை, காது, கால், பேச்சு என்று எதில் சிரமமுள்ள பிள்ளையானாலும், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வழி செய்வது அவள் வேலை. ஒரு பள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடியும். உட்கார இடம் கேட்டால், "நீங்க வந்துட்டுப் போறவங்கதானே, உங்களுக்கு எதுக்கு நாற்காலி?" என்பார்கள்.

அதில் ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. கண்ணாடி போட்டும் பெரிய எழுத்து மட்டுமே தெரியும். பையன்கள் "சோடாபுட்டி" என்றால், "உன் மூக்கு மட்டும் நல்லாத் தெரியுதுடா" என்று திருப்பிக் கொடுப்பாள். அவளை எங்கோ தொலைவில் விடுதியோடு இருக்கும் தனிப்பள்ளிக்குத் தள்ளிவிடத் தலைமையாசிரியர் கடிதம் தயாராக வைத்திருந்தார். அக்காவின் கையெழுத்து இல்லாமல் அது போகாது. கணக்குத் தேர்வில் பத்துக்கு ஐந்து எடுத்தால் அவள் இங்கேயே இருக்கலாம் என்று பேச்சு.

அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து, தடித்த பேனாவால் தாளுக்கு இரண்டு கேள்வியாக ஐந்து தாள் எழுதினாள். கோடு போட்டது நான். "பட்டதாரின்னு பேரு, ஒரு கோடு நேரா வருதா பாரு!" என்று திட்டும் வாங்கினேன்.

தாள்களை முதல் நாளே பள்ளிக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். தேர்வன்று அக்காவைப் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தேர்வில் பாதி நேரம் ஓடியிருந்தது. சிறுமி தாளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எல்லாம் எறும்பா இருக்கு."

அலுவலக உதவியாளர் பெருமையாகச் சொன்னார்: "அஞ்சு தாளை ஃபைல்ல எப்படிம்மா வைக்கிறது? ஜெராக்ஸ்ல சின்னதாக்கி ஒரே பக்கத்துல அடக்கிட்டேன். அழகா வந்திருக்கு பாருங்க."

"நான் எழுதினது எங்க?"

"பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. ரெண்டாம் வகுப்புக்குப் படம் வரையக் கொடுத்துட்டேன்."

அக்கா சுவரிலிருந்த பழைய காலண்டரைக் கிழித்து, தரையில் குந்தி, பின்பக்கத்தில் மறுபடி எழுதினாள். ஒவ்வொரு கேள்வியாக வாங்கி வாங்கிச் சிறுமி போட்டாள். நாலாவது முடிந்தபோது மணி அடித்தது. நாலும் சரி.

"பத்துக்கு நாலு," என்றார் தலைமையாசிரியர்.

"நாலுக்கு நாலு சார். இன்னொரு அரைமணி நேரம் கொடுங்க."

"ஒருத்திக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"எல்லாருக்குமா எறும்பைக் கொடுத்தீங்க?"

அவர் கடிதத்தை நீட்டினார். "கையெழுத்தைப் போடுங்க."

அக்கா அதை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "அடுத்த தடவை பார்க்கலாம் சார். நான்தான் வந்துட்டுப் போறவளாச்சே."

பைக்கில் ஏறியதும், "கலக்கிட்டக்கா!" என்றேன்.

"என்னத்தக் கலக்கினேன்? ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கேன், அவ்வளவுதான். வேற கடிதம் அடிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்?" என்றவள், சிறிது தூரம் போனதும் என் தோளைத் தட்டினாள். "கடைகிட்ட நிறுத்து. பேனா தீர்ந்துபோச்சு."