எந்த மூட்டு என்று என்னைக் கேட்கவில்லை

இன்று ஆஸ்பத்திரியில், என் முட்டிக்குள் வைக்க இரண்டு விதச் செயற்கை மூட்டுகளை டாக்டர் மேசைமேல் வைத்தார்.

கதவுக் கீல் போன்றது உறுதியாம், ஆனால் அதிகம் மடங்காதாம். மற்றது நன்றாக மடங்குமாம். அதற்கு மாதக்கணக்கில் வலியோடு பயிற்சி செய்ய வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கீலே போதுங்க டாக்டர். இவ ஊட்டுக்குள்ளதானுங்க நடக்கப் போறா."

"ஏனுங்க, எனக்குப் பதிலா திருச்செங்கோட்டு மலைப்படியை நீங்க ஏறுவீங்களா?" என்றேன். டாக்டரிடம், "மடங்கறதையே வைங்க சாமி" என்றேன்.

"வலி தாங்குவியா?" என்றார் இவர்.

"நாலு பெத்தவளுங்க நானு."

டாக்டர் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

வைகாசியில் படியேற யார் யார் வருகிறீர்கள்? இவரையும் இழுத்து வருகிறேன். இரண்டு நல்ல முட்டி இருந்தும் இதுவரை ஏறாதவர்.