டிக் சத்தம் கேட்காமலே தூக்கிய துண்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சிங்காநல்லூர் குளக்கரையில் நடந்தது இது. நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லாக முளைத்துக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு ஒரு மில்லில் பஞ்சுப் பொதியை உடைத்து உதறும் அறையில் வேலை. காலையில் கறுப்பு மீசையோடு போகிறவர் சாயங்காலம் வெள்ளை மீசையோடு வருவார். முதலில் அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு இருமல் வந்தது, சிரிப்பு நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமையானால் மற்ற வீட்டு ஆண்கள் சேவற்கட்டுக்குப் போவார்கள். இவர் மோட்டார் பட்டறைகளில் கழித்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி வந்து, கரையில் நின்றபடியே ஓட்டுகிற படகு ஒன்று செய்தார். இரண்டு முழத் தகரப் படகு. அதற்கும் கரைக்கும் நடுவில் கம்பி கிடையாது, கயிறு கிடையாது. கரையில் ஒரு மூங்கிலில் செம்புக் கம்பியைத் தூக்கிக் கட்டி, காரில் பொறி அடிக்க வைக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளும் பாட்டரியும் வைத்திருப்பார். பொத்தானை அமுக்கினால் நீலப் பொறி அடிக்கும். படகுக்குள் ஒரு சின்ன மோட்டார், ஒரு கண்ணாடிக் குழாய், குழாயில் இரும்புத் தூள். கரையில் பொறி அடித்தால் படகில் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும். உடனே ஒரு குட்டிச் சுத்தியல், ஒட்டிய தூள் உதிரும்படி, குழாயை ‘டிக்’கென்று தட்டும். ஒரு டிக் கேட்டால் படகு ஓடும், அடுத்த டிக்கில் நிற்கும். அவ்வளவுதான் வித்தை. இதற்கே ஊர் அவரைக் கிறுக்கு என்றது. கிறுக்குக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

தண்ணீரில் விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனை உண்டு. மோட்டாருக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, படகை நான் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கரையோரம் நடப்பேன். பத்துத் தப்படிக்கு ஒரு தரம் நிற்பேன். அவர் பொத்தானை அமுக்குவார். டிக் கேட்டால் கையிலிருக்கும் மஞ்சள் துண்டைத் தூக்குவேன். கேட்காத இடத்தோடு சோதனை முடிந்தது. கடைசியாகத் துண்டு தூக்கிய தூரத்தில் பாதிவரைக்கும்தான் படகை விடுவார்.

“டிக்குனு கேட்டாத்தான் தூக்கோணும் அம்மணி. கேட்ட மாதிரி இருந்துச்சுன்னா தூக்கக் கூடாது” என்பார். வழக்கமாக அறுபது தப்படியில் இருந்த புளியமரம்வரை கேட்கும்.

இந்தச் சங்கதி எப்படியோ மில் முதலாளி காதுக்குப் போயிற்று. நேரில் வந்து பார்ப்பதாகவும், நிஜமாகவே ஓடினால் இவரைப் பஞ்சு அறையிலிருந்து எடுத்து மின்சாரப் பட்டறைக்கு மாற்றுவதாகவும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரமும் நான் கும்பிடாத சாமியில்லை. எனக்குப் படகு ஓடினாலும் ஒன்றுதான், முழுகினாலும் ஒன்றுதான். அவர் அந்தத் தூசியை விட்டு வெளியே வந்தால் போதும்.

அன்று காலையில் நல்ல பனி. மூங்கிலும் கம்பியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. நனைந்தால் பொறி தூரத்துக்கு எட்டாது. முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் படகோடு நடந்தேன். பத்தில் கேட்டது. இருபதில் கேட்டது. முப்பதில் ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தேன். இவர் பொத்தானில் கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் யார் முகத்துக்கும் நேரே ‘இல்லை’ என்று சொல்லிப் பழக்கமில்லை. ‘பாக்கலாமுங்க’ என்போம், ‘ஆகட்டுமுங்க’ என்போம். நான் துண்டைத் தூக்கிவிட்டேன். நாற்பதிலும் தூக்கினேன். புளியமரத்தடிவரை தூக்கிக்கொண்டே போனேன். திரும்பி நடந்த அறுபது தப்படியில் எங்கேயாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

கரையோரமாக ஐம்பது தப்படிக்கு அப்பால் ஒருவர் ஜோடி மாடு கழுவிக்கொண்டிருந்தார். இவர் அதையும் பார்த்துக் கணக்குப் போட்டு, “முப்பதுல நிறுத்திப்போடறேனுங்க” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். படகு கிளம்பியது. முதலாளி “அட!” என்றார். அந்த ‘அட’வில் எனக்கு உயிரே குளிர்ந்தது.

முப்பது தப்படி வந்தது. அமுக்கினார். நிற்கவில்லை. மறுபடி, மறுபடி அமுக்கினார். படகு கடகடவென்று நேரே மாடுகளின் காலுக்குள் போய் மோதியது. மாடுகள் மிரண்டு கரையேறி ஓட, மாட்டுக்காரர் பிடிகயிற்றைக் கையில் சுற்றியிருந்ததால் தரையோடு தரையாக இழுபட்டார். எதிரே மதகுக் கல். இவர் எப்படி ஓடினார் என்று தெரியவில்லை, பாய்ந்து ஒரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். மாடுகள் நின்றபோது மாட்டுக்காரர் தலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

தோளெல்லாம் ரத்தம். அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்லீங்க, சும்மா செராய்ச்சிருக்குது, அவ்வளவுதானுங்க” என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. முதலாளி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் இவர் படகைப் பிரித்து, இரும்புத் தூளைக் காகிதத்தில் கொட்டி, இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. “முப்பதுலயே டிக் கேக்குலீங்க” என்றேன்.

திருப்புளியைக் கீழே வைத்தார். “அந்தக் கோடியில என்ன நடக்குதுன்னு எனக்கென்ன தெரியும் அம்மணி? உன்ற கையத்தானே பாத்துட்டு நிக்கறேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் முதலாளியிடம் போய், கம்பி காய்வதற்கு முன் படகை விட்டது தன் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. மின்சாரப் பட்டறை வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. இவர் பஞ்சு அறையிலேயே இருந்தார்.

இனி துண்டு என் கைக்கு வராது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்துக் கொடுத்தார். அன்று நாற்பதில் கேட்கவில்லை. கையைத் தொங்கவிட்டு நின்றேன். அந்தக் கோடியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டி அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்னொரு தரம் பார்க்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

முப்பதுகள் முடிவதற்குள் நெஞ்சு அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் “பரவாயில்லீங்க” என்பார். எனக்கும் அதே பதில்தான். ஒருநாள் அந்த மஞ்சள் துண்டை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்து, “ஏனுங்க, எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க. மூச்சு நல்லா வந்தாத்தான் தூக்கோணும்” என்றேன். சிரித்தார். சில காலைகளில் தூக்குவார். ஒரு காலையில் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் அவர் போனபோது கை என் கையில்தான் இருந்தது. அவர் பொய்யாகத் தூக்கியிருந்தால் நான் சமையலறையில் இருந்திருப்பேன்.

வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. யாராவது கேட்டால் ஊர் வழக்கப்படி “நல்லா இருக்கறேனுங்க” என்று சொல்லிவிடுகிறேன், ஆனால் அந்தக் கோடியில் நின்று அவர் கேட்டிருந்தால், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னால் அந்தத் துண்டைத் தூக்கியிருக்க முடியாது.