போர்டில் போட்டிருக்கிறது

ஜெயில் வாசலில் வேலை பார்ப்பவனுக்குக் கதவைப் பூட்டுவது சின்ன வேலை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரிய வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டுக் கவுன்டரிலோ கப்பல் டிக்கெட் ஜன்னலிலோ உட்கார்ந்து, தனக்கே யாரும் சொல்லாத சேதிக்காக ஊராரிடம் திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்தால் என்னை நம்புவார்கள். நான் எட்டாம் வகுப்பு. அந்தமானில் ஒரு ஜெயிலில் முப்பத்தோரு வருடம் வார்டர். கடைசி ஒன்பது வருடம் பார்வையாளர் ரிஜிஸ்டர் என் கையில் இருந்தது. எனக்கு அதிகம் பேச வராது. எண்ண வரும்.

பலகை மாட்டிய இடம்

கைதிகளைப் பார்க்கும் நாளைச் சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றினார்கள். நோட்டீஸை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் அழகாக டைப் அடித்து போர்டில் ஒட்டினார்கள். போர்டு இருந்தது இரண்டாவது கேட்டுக்கு உள்ளே. பார்க்க வருகிறவர்கள் நிற்பது முதல் கேட்டுக்கு வெளியே. இடையில் இருபத்திரண்டு அடி. டேப் வைத்து அளந்திருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை பதினேழு பேர் வந்து திரும்பினார்கள். அதில் ஒருத்தி தனம். தள்ளி இருக்கும் லாங் ஐலண்ட் தீவில், போட் வந்து நிற்கும் ஜெட்டியில் டீக்கடை வைத்திருப்பவள். அவள் தம்பி குமரேசன் எங்களிடம் தண்டனைக் கைதி. ஒரு அடிதடியில் ஆள் செத்துப்போக, நீண்ட தண்டனை. தாய் தகப்பன் இல்லாதவனை வளர்த்து ஆளாக்கியது இவள்தான். மாதம் ஒரு முறை கடையைச் சாத்திவிட்டு போட்டில் வருவாள். பத்துபஸ்தியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

நான் வாய் திறக்காமல் போர்டைக் கையால் காட்டினேன். கம்பி வழியே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உள்ள இருக்கறவனுக்கு எதுக்கு அண்ணே இந்த நோட்டீஸு? அவன் எங்க போகப் போறான்?"

பயிற்சி வகுப்பு

பொதுமக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சுவரில் படம் ஓடியது, எழுத்தெல்லாம் இங்கிலீஷ். சாப்பாட்டு மணிக்குள் 'கம்யூனிகேஷன்' என்ற சொல்லை நாற்பத்து மூன்று தடவை சொன்னார்; நோட்டு ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்றார். முடிவில் எங்கள் அதிகாரி எழுந்து ஒரு உத்தரவு போட்டார். வாசலில் இருப்பவர்கள் போர்டில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எது கேட்டாலும் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் புதன்கிழமை. வகுப்புக்காகப் பார்வை நேரம் கிடையாது என்று வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. என் பக்கத்தில் பிஸ்வாஸ் உட்கார்ந்திருந்தார். அவரும் வார்டர்தான். பாம்பூஃப்ளாட்டில் என் அடுத்த வீட்டுக்காரர். பெங்காலி, ஆனால் தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்:

"அண்ணா, பாஹர்... வெளிய பதினாலு பேர் வெயில்ல நிக்கறாங்க. யாராவது போய்ச் சிரிச்சுட்டு வாங்களேன்."

பூக்களுக்கு நடுவே

அவசரத் தகவல்கள் இனி ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்குத் திறந்து பார்த்தேன். குட்மார்னிங் பூக்கள் பத்தொன்பது, சாமி படம் மூன்று, பிறந்தநாள் கேக் ஒன்று. அவற்றுக்கு நடுவே ஒரு தாள். மெயின்லேண்ட் ஜெயிலுக்கு மாற்றப்படும் ஆறு பேரின் பட்டியல், செவ்வாய்க்கிழமைக் கப்பல். ஐந்தாவது பெயர் குமரேசன். அதன் கீழே பதினொரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

அதிகாரி அறை வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய், "சார், வீட்டுக்காரங்களுக்கு..." என்றேன். காலையிலேயே லெட்டர் தபாலில் சேர்த்தாயிற்று என்றார். படிவத்தில் 'குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட வேண்டியவன் ரிஜிஸ்டர்காரனான நான். லாங் ஐலண்டுக்குத் தபால் நாலு நாளில் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். டிக் போட்டேன்.

"அனுப்பிட்டா தெரிவிச்ச மாதிரிதான்யா. போய்ச் சேர்க்கறது தபால்காரன் வேலை."

சனிக்கிழமை போன்

மறுநாள் கேட் போன் அடித்தது. "அண்ணே, தனம் பேசறேன். போன தடவ மாதிரி ஏமாந்து திரும்ப முடியாது. நாளைக்கும் போட் இருக்கு, செவ்வாக்கிழமையும் இருக்கு. எதுல வரட்டும்?"

கப்பல் நாளை வெளியே சொல்லக் கூடாது. அது பாதுகாப்பு விஷயம், சரிதான். ஆனால் 'நாளைக்கே வாம்மா' என்ற இரண்டு சொல்லில் அந்த ரகசியம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, திங்கட்கிழமை மனு கொடுத்திருந்தால் ஐந்து நிமிடமாவது பார்க்க விட்டிருப்பார்கள். அப்படி விட்ட நான்கு பேர் என் ரிஜிஸ்டரிலேயே உண்டு. எனக்கு அது தெரியும். நான் திரும்பி, இருபத்திரண்டு அடிக்கு அப்பால் இருந்த பலகையைப் பார்த்தேன். "போர்டில் புதன்கிழமைன்னு போட்டிருக்கு" என்றேன்.

"உங்க வாயால சொல்லிட்டீங்கல்ல, போதும் அண்ணே. செவ்வாக்கிழமையே வர்றேன்."

டோக்கன் நம்பர் ஒன்று

செவ்வாய்க்கிழமை காலை பிஸ்வாஸும் நானும் வேலைக்குப் போக, பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் போட்டில் நின்றோம். மெயின்லேண்ட் கப்பல் எங்களைக் கடந்து போனது. தனம் அப்போது லாங் ஐலண்டில் கடையைச் சாத்திக்கொண்டிருப்பாள். பிஸ்வாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கப்பலின் ஜன்னல்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். எண்ணிக்கையைப் பாதியில் விட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை அவள்தான் வரிசையில் முதல் ஆள். பையில் இரண்டு அரைக்கைச் சட்டை, ஒரு பேஸ்ட், ஒரு சோப். டோக்கன் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சட்டைகளை எடுத்து மறுபடி மடித்துப் பைக்குள் வைத்தாள். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை, பதினொன்று பத்து" என்றேன். நேரத்தைத் தப்பாகச் சொல்ல எனக்கு வராது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப சனிக்கிழமை நான் யார்கிட்ட அண்ணே பேசினேன்?"

அந்த லெட்டர் அவள் கடைக்குப் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டாம் நாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜெட்டியில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாளாம். அவள் கையெழுத்து அதற்கப்புறம் என் ரிஜிஸ்டரில் இல்லை.

அந்த வருடக் கடைசியில் பார்வையிட வந்த மேலதிகாரிகள், தகவல் தெரிவிப்பதில் எங்கள் ஜெயிலில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், ஏனென்றால் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது, ஒன்றுகூட விட்டுப்போகாமல் போட்டவன் நான்.