இரண்டு கறுப்பு வயர்கள்

பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. மறுநாள் காலை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் எங்கள் புராஜெக்ட் ஓடியாக வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமலே, கீபோர்டில் தட்டும் எழுத்து ஒரு சின்னத் திரையில் தெரிய வேண்டும். நடுவில் நாற்பது கால் பூரான் மாதிரி ஒரு மைக்ரோகண்ட்ரோலர். ஓடாவிட்டால் அரியர். அரியர் வைத்தவனுக்குக் கிடைத்த வேலையும் போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரியர் என்றால் என்னவென்று அம்மாவுக்கு விளங்கவைக்கவே ஒரு வாரம் ஆகும்.

விருதுநகரில் நண்பன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே அவன் அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டி. கீபோர்டும் அங்கிருந்து வந்ததுதான். கரண்டு கொடுத்ததும் அதன் மூன்று பச்சை விளக்குகளும் ஒருமுறை கண் சிமிட்டின. ஆனால் ஏ-யைத் தட்டினால் கியூ வந்தது. சிலசமயம் யாரும் தொடாமலே, தூக்கத்தில் பிதற்றுவதுபோல ஓர் எழுத்து வந்து நின்றது.

"காரம் ஏறிப்போச்சுலே அதுக்கு" என்றான் நண்பன்.

ஒவ்வொரு சாவியாகக் கழற்றி வத்தல் தூளைத் துடைத்தோம். தும்மினோம். புரோகிராமை வரிவரியாகப் பார்த்தோம். ஃபேன் மெல்லச் சுற்றியது. குளத்துத் தண்ணீர் நிறத்தில் இருந்த அந்தத் திரையையே பார்த்திருந்ததில், மதியம் எப்போது கழிந்தது என்று தெரியவில்லை.

"ஏலே, இந்தக் கறுப்பு வயருக்கு எதுக்கு டேப் சுத்தியிருக்க?"

கீபோர்டுக்கு ஓர் அடாப்டர், போர்டுக்கு ஓர் அடாப்டர். இரண்டின் கறுப்பு வயர்களையும் தனித்தனியாக டேப் சுற்றி, கோடிக்கொன்றாக ஒதுக்கியிருந்தேன்.

"ஒண்ணோட ஒண்ணு தொட்டுறக் கூடாதுல்ல."

"தொட்டா வெடிச்சிருமாக்கும்!"

அவன் சிரித்தான். என்னால் முடியவில்லை. அம்மா தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில், வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்க்கிறாள். வளையல், ஹேர்பின் எல்லாம் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். வீட்டில்கூடச் சட்டியில் கரண்டி மோதினால் அவள் தோள் குலுங்கும். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள், தண்ணீருக்கடியில் இருப்பவைபோலச் சத்தமில்லாமல்தான் இடம் மாறும். இரும்போடு இரும்பு தொடக்கூடாது என்பது நான் நடக்கப் பழகியபோதே பழகியது. இரண்டு கறுப்பும் சேர்ந்தால்தான் இரு பக்கத்துக்கும் வோல்ட்டேஜை அளக்கும் பூஜ்யம் ஒன்றாகும், இல்லாவிட்டால் ஒன்று சொல்வது இன்னொன்றுக்கு விளங்காது என்பதோ வகுப்பில் படித்தது. டேப் சுற்றும்போது கை வீட்டுப் பாடத்தைத்தான் கேட்டிருக்கிறது.

டேப்பைப் பிரித்தேன். நுனிகளை நெருக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினேன். பொறி இல்லை, சத்தம் இல்லை. நண்பன் ஏதோ சாவியைத் தட்டுவது மட்டும் கேட்டது.

"ஏ-யே வந்திருச்சுலே! கண்ணத் தெற. நாளைக்கும் இப்படித்தான் நிக்கப்போறியா?"

மறுநாள் திறந்துகொண்டுதான் நின்றேன். தேர்வாளர் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். ஒவ்வோர் எழுத்தாக மேலே மிதந்து வந்தது. எதுவும் தப்பவில்லை.